பதிலுக்கு நிற்க ஓர் ஆள்

சபினா பிப்ரவரியில் இறந்தாள். நுரையீரல். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். அவள் அப்பா மட்டும் கழற்றவில்லை. யூதர்கள் இறந்தவர் முன் தலையை மூடிக்கொண்டுதான் நிற்பார்கள். பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். வந்திருந்த வக்கீல்கள் குழியைவிட அந்தத் தொப்பியைத்தான் அதிகம் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். குழியைப் பார்ப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

என்னைக் கட்டிக்கொள்வதற்காக அவள் ஞானஸ்நானம் வாங்கினாள். எங்கள் பக்கத்துச் சட்டத்தில் கிறிஸ்தவரும் யூதரும் கட்டிக்கொள்ள வேறு வழி கிடையாது. அப்படியும் என் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. ரயில்வேயில் இருக்கிறார், வைராக்கியக்காரர். அவள் அப்பா வந்தார். டாக்டர் மவுரிட்சி லாண்டெஸ். போலந்தின் கிழக்கே எங்கள் சாம்போர் ஊரில் பழைய வக்கீல்; டாக்டர் என்பது சட்டப் பட்டம். நான் அவரிடம்தான் தொழில் பழகினேன், பிறகு கூட்டாளியானேன், பிறகு மாப்பிள்ளையானேன். அலுவலகம் முன்பக்கம், வீடு பின்பக்கம். சபினா போன பிறகு அந்த வீட்டில் மனைவி இல்லாத இரண்டு ஆண்கள் இருந்தோம். காலையில் ஒரே கணப்பின் முன் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியும் ஊறவைத்த மீனும் தின்போம். வழக்குகளைப் பற்றிப் பேசுவோம். வேறு பேச்சு வந்தால் யாராவது ஒருவர் எழுந்து கணப்பில் விறகு போடுவோம். அந்த வருடம் எங்கள் வீட்டில் விறகு நிறையச் செலவானது.

மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீல்கள் அறை தரைத்தளத்தில் இருக்கிறது. மூன்று மேசைகள். கணப்புப் பக்கத்து மேசை போலந்துக்காரர்களுடையது, நடுவில் இருக்கும் நீளமேசை யூதர்களுடையது, ஜன்னலோரம் உக்ரேனியர்கள். யாரும் அப்படி விதி போட்டதில்லை. மூன்று மேசைக்கும் பொதுவாக ஒரே ஒரு வழக்கம் இருந்தது. சில நாள் ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் நம் வழக்கைக் கூப்பிடுவார்கள். அப்போது ஒரு துண்டுச் சீட்டில் ‘எனக்குப் பதிலாக ஆஜராவார்’ என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டு, வக்கீல்கள் அறைக்குள் போய் நீட்டினால் போதும். யாராவது வாங்கிக்கொள்வார்கள். எந்த மேசை என்று பார்ப்பதில்லை. கூலி இல்லை, நன்றிகூட இல்லை. கணப்பு மேசையில் டாக்டர் போருட்ஸ்கி என்று ஒருவர். என் மாமனாரின் சீட்டை வாங்கிக்கொண்டு, வழக்குக் கட்டைப் புரட்டியபடியே அவர் மாடிப்படி ஏறுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அந்த இலையுதிர் காலத்தில் இதே போருட்ஸ்கி எங்கள் ஊர் வக்கீல் சங்கத்துக்குத் தலைவரானார். போலந்துக் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான சங்கம். முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டார்கள். உறுப்பினர் யாரும் யூதரின் சீட்டை வாங்கக் கூடாது, யூதரிடம் நீட்டவும் கூடாது. அடுத்த வாரம் ஊர்ச் சேமிப்பு வங்கி, தன் வழக்குகளை இனிமேல் சங்க உறுப்பினர்கள்தான் நடத்துவார்கள் என்றது. எங்கள் அலுவலகம் பாதிக்குமேல் அந்த வங்கியால்தான் ஓடியது. நான் போலந்துக்காரன், கத்தோலிக்கன், பெயர் சேனான் ருட்ஸ்கி. ஆனால் உறுப்பினர் இல்லை. சேரவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அந்த வருடம் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

“நீ போயி சேந்துடு,” என்றார் மாமா, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

“எதுல?”

“போருட்ஸ்கியோட பஜனை மடத்துல. வேற எதுல?”

“மாமா, அதோட மொதல் விதியே...”

“படிச்சிட்டேன். எழுதினவன விட நல்லாவே படிச்சிட்டேன். சேர்றவன் கிறிஸ்தவனாப் பொறந்திருக்கணும். நீ பொறந்திருக்க. அப்பா அம்மாவும் அப்படியே இருக்கணும். உங்கப்பா என் வீட்டு வாசப்படிகூட மிதிக்காத அளவுக்குக் கிறிஸ்தவர். மனைவி...” கத்தியைத் துடைத்துத் தட்டின் ஓரம் வைத்தார். “மனைவி இருந்தா அவளும் அப்படியே இருக்கணும். அவ்வளவுதான்.”

நான் எழுந்து கணப்பில் விறகு போட்டேன்.

“உக்காருடா. எரியறது போதும். வாசப் பலகைல உன் பேரு மட்டும் இருக்கட்டும். நான் உள்ள உக்காந்து எழுதிக் குடுக்கறேன், நீ போயி நின்னு பேசு. வங்கி நம்மகிட்டயே இருக்கும்.”

“போனா போகட்டும் மாமா.”

“போகட்டும். அப்புறம்? வேற ஊர்ல போயி பலகை மாட்டலாம்னு நெனப்பா? லுவோவ்ல பெரிய வக்கீலுங்க என்ன பேசிக்கறாங்க தெரியுமா? வக்கீல் பட்டியல மூடப் போறாங்க. எந்த ஊர்லயும் புதுசா ஒருத்தனையும் ஏத்திக்க மாட்டாங்க. இப்ப இருக்கற எடத்துல இருக்கறவன் இருந்துக்குவான், கீழ எறங்கினவன் எறங்கினவன்தான். நான் இந்த நாற்காலிலயே உக்காந்து செத்துப் போயிடுவேன், எனக்கு அந்த வசதி இருக்கு. உனக்கு முப்பத்திரண்டு வயசு. என்ன பண்ணுவ? உங்கப்பாகிட்ட போயி ரயிலுக்குக் கொடி காட்டுவியா?”

“அவளப் பத்திக் கேப்பாங்க.”

“கேக்கட்டும். நான் தனி ஆள், கொழந்த குட்டி இல்லன்னு சொல்லு. அதுல என்ன பொய்?”

பொய் எதுவும் இல்லை. அவர் சொல்லச் சொன்னதில் எந்த இடத்திலும் பொய் இல்லை.

“சொல்லு, கேப்போம்,” என்றார். சாட்சிகளுக்கு அவர் அப்படித்தான் பழக்கிக்கொடுப்பார்.

“நான் தனி ஆள். குழந்தை இல்லை.”

“வேகமா சொல்ற. வேகமா சொன்னா எதிர்க்கட்சிக்காரன் நிமிந்து உக்காருவான். இன்னொரு தடவ.”

இன்னொரு தடவை சொன்னேன். அவர் தலையசைத்தார். தேநீரில் சர்க்கரை போட மறந்து அப்படியே குடித்தார்.

இந்த மாதிரி விஷயங்களை எங்கள் ஊரில் எழுதி வாங்குவதில்லை. மானத்தின் பேரில் வாக்குக் கேட்பார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருக்க, நின்றுகொண்டு சொல்லவேண்டும். அந்த வாக்கை மீறினவனுக்கு ஊரில் யாரும் கை கொடுக்க மாட்டார்கள். சந்தை மைதானத்துக் காப்பிக்கடையின் பின்னறையில், பிற்பகலில் கூடினோம். போருட்ஸ்கி, ஒரு வயதான பத்திர எழுத்தர், என்னோடு சட்டம் படித்த லுத்விக் ஷெலிகா. லுத்விக்கும் சபினாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரோமானியச் சட்டம் கேட்டவர்கள். அவன் என்னைப் பார்க்காமல் தட்டிலிருந்த கசகசா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“உக்காரச் சொல்ல முடியாது, தம்பி. வழக்கம் அப்படி,” என்றார் போருட்ஸ்கி. மரியாதையான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. “பெற்றோர்?”

சொன்னேன்.

“குடும்பம்?”

“நான் தனி ஆள். குழந்தை இல்லை.”

வேகமாகச் சொல்லவில்லை. பத்திர எழுத்தர் அது போதும் என்பதுபோல் காப்பியை எடுத்தார். போருட்ஸ்கிக்குப் போதவில்லை.

“இது லாண்டெஸ் டாக்டர் சொல்லிக் குடுத்தது. அவர் மனுவெல்லாம் இப்படித்தான் இருக்கும், ஒரு வார்த்தை அதிகமா இருக்காது.” சிரித்தார். “தம்பி, நாங்க அடக்கத்துக்கு வந்தவங்க. எங்ககிட்ட நீங்க எதையும் மறைக்க வேணாம். செத்துப்போனவங்களப் பத்தி நாங்க கேக்கறதே இல்ல. அந்தச் சிக்கலக் கடவுளே தீத்து வெச்சிட்டார். நாங்க கேக்கறது வேற. அந்தக் குடும்பத்தோட உங்களுக்கு இப்ப ஒட்டு உறவு இருக்கா?”

இந்தக் கேள்விக்கு மாமா பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. லுத்விக் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினான்.

“இல்லை,” என்றேன்.

“மானத்தின் பேரில்?”

“மானத்தின் பேரில்.”

மூவரும் எழுந்து கை கொடுத்தார்கள். லுத்விக்கின் கையில் கசகசா ஒட்டியிருந்தது. வெளியே வந்து கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். ஏதாவது உறுத்துகிறதா என்று எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பல் பிடுங்கப் போகும்போது ஈறில் ஊசி போடுவார்களே, அப்படி இருந்தது.

வீட்டில் மாமாவிடம் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். கடைசிக் கேள்வியைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பெயின்டர் வந்து பலகையில் லாண்டெஸ் என்ற பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு என் பெயரை எழுதினான். வங்கி எங்களிடமே இருந்தது.

நாங்கள் இருவரும் சட்டம் படித்தவர்கள். சங்கத்தின் விதிகளை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தோம். நீளமேசை என்ன செய்யும் என்று இருவரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

நான் கணப்புப் பக்கத்து மேசைக்கு மாறிய அதே வாரத்தில், மாமா நீளமேசையில் ஒரு சீட்டை நீட்டினார். பக்கத்தில் இருந்த டாக்டர் ஹெர்ஷ்தால் அதை வாங்கிப் படித்தார். மடித்தார். திருப்பிக் கொடுத்தார்.

“என்னங்க டாக்டர் லாண்டெஸ், எங்ககிட்ட வந்து நீட்டறீங்க? உங்க வீட்டுலயே சங்கத்து ஆள் இருக்கும்போது?”

“அவன் வாங்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும், ஹெர்ஷ்தால்.”

“தெரியும். நாங்களும் வாங்க முடியாது. மொதல்ல பொண்ணக் குடுத்தீங்க, ஒண்ணும் சொல்லல. இப்ப பலகையும் குடுத்தாச்சு. அடுத்தது என்ன குடுப்பீங்க? தாடியக் குடுக்கலாம்னா அதுவும் உங்ககிட்ட இல்ல.”

மேசை முழுக்கச் சிரித்தது. மாமாவும் கொஞ்சம் சிரித்தார். நகைச்சுவையை மதிக்கிறவர். சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்று நீதிபதியின் காலில் விழாத குறையாகக் கேட்டு வாய்தா வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பிறகு எல்லா நாளும் அப்படித்தான் போனது. அவர் பட்டியலைப் பார்த்துப் பார்த்து, இரண்டு வழக்கு மோதாதபடி வாய்தா கேட்டார். படிகளில் மேலும் கீழும் ஓடினார். நான் கணப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அறையிலேயே கதகதப்பான இடம் அது. வீட்டில் காலையில் இருவரும் வங்கி வழக்குகளைப் பற்றிப் பேசினோம்.

டிசம்பரில் மாமாவின் இரண்டு வழக்குகள் மோதின.

மேல்மாடியில் பராஸ்காவின் வழக்கு. பராஸ்கா உக்ரேனியப் பெண், ஆற்றுக்கு அக்கரைக் கிராமம். புருஷன் செத்த பிறகு கொழுந்தன், அவள் இருக்கும் வீடு தன்னுடையது என்று வழக்குப் போட்டிருந்தான். அதே நேரத்துக்குக் கீழ்த்தளத்தில் ஒரு மாட்டு வியாபாரியின் ஜாமீன் மனு. அவன் சிறையில் இருந்தான், அதைத் தள்ளிவைக்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் கட்சிக்காரர் தானே வந்து நின்றால் அது நின்றதாகக் கணக்கில்லை, வக்கீல் நிற்கவேண்டும். வக்கீல் வராவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு. பராஸ்கா தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். தனக்காக உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

மாமா அங்கியோடு அறைக்குள் வந்தார். கையில் சீட்டு. முதலில் ஜன்னலோர மேசைக்குப் போனார். அது சரியான கணக்கு, பராஸ்கா அவர்கள் இனம். டாக்டர் ஒலெஸ்கிவ் எழுந்து நின்று பதில் சொன்னார்.

“மன்னிக்கணும் டாக்டர். வாங்க முடியாது.”

“உங்க இனத்துப் பொம்பள, ஒலெஸ்கிவ்.”

“அதுக்குத்தான் முடியாதுங்கறேன். எங்க வக்கீலுங்க இத்தன பேர் இருக்கோம். எங்களத் தாண்டித்தானே உங்க வாசலுக்கு வந்தாங்க? ஒரு தடவ பட்டாத்தான் எங்க ஜனங்களுக்குப் புரியும்.”

“வீடு போயிடும்.”

“எங்களுக்கு அதவிடப் பெருசெல்லாம் போயிருக்கு.”

மாமா நீளமேசைக்குத் திரும்பினார். அங்கே யாரும் கிண்டல்கூடச் செய்யவில்லை. எல்லோரும் ஏதோ படித்துக்கொண்டிருந்தார்கள். ஹெர்ஷ்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மாமா மேசையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சீட்டை நீட்டியபடி நடந்தார். திருவிழாவில் உண்டியல் நீட்டுகிறவர்கள் அப்படி நடப்பார்கள். கணப்புப் பக்கம் அவர் பார்வை வரவே இல்லை. டவாலி மேல்மாடியில் பராஸ்காவின் பெயரைக் கூப்பிட்டது படிக்கட்டு வழியாகக் கேட்டது.

நான் எழுந்தேன்.

“உக்காருங்க தம்பி,” என்றார் போருட்ஸ்கி, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லுத்விக் என் அங்கியைப் பிடித்தான். “டேய், வேணாம். சொன்னாக் கேளு.”

மாமாவின் முன்னால் போய் நின்றேன். “சீட்டக் குடுங்க மாமா.”

அந்த அறையில் ‘மாமா’ என்ற வார்த்தையை நான் சொன்னதே இல்லை, உறவு இருந்த நாளில்கூட. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நன்றியாக எதுவும் அந்த முகத்தில் இல்லை.

“உங்ககிட்ட நான் கேக்கலையே, டாக்டர் ருட்ஸ்கி,” என்றார் உரக்க. பிறகு உதடு அசையாமல், “போயி உக்காருடா.”

சீட்டை இழுத்தேன். அவர் விடவில்லை. ஓரம் கிழிந்து அவர் விரலில் நின்றது. எழுத்து இருந்த பாகம் என் கையில் வந்தது. காலி இடத்தில் என் பெயரை எழுதியபடியே படி ஏறினேன்.

நீதிபதி சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான்.

“நீங்களேதானா?”

“நானேதான், கனம் நீதிபதி அவர்களே.”

“சரி. உங்க இஷ்டம்.”

சாட்சி விசாரிக்கவேண்டும் என்று கேட்டேன். மார்ச் மாதத்துக்கு வாய்தா போட்டார். வெளியே வந்ததும் பராஸ்கா என் கையைப் பிடித்து முத்தமிட வந்தாள். கிராமத்து ஆட்கள் வக்கீல்களுக்கு அப்படிச் செய்வார்கள். கையை இழுத்துக்கொண்டேன்.

“வீடு எனக்குத்தானாய்யா?”

“இன்னும் இல்லம்மா. மார்ச்சுல வரணும்.”

“அப்ப எதுக்கு இன்னிக்கு வரச் சொன்னாங்க?” என்றாள். சரியான கேள்வி. முட்டை ஒன்று மீந்திருந்தது, அதை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மாமா எனக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தார். அங்கியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் இருந்தார். ஜாமீன் கிடைத்துவிட்டதாம். அதை ஒரு வார்த்தையில் முடித்தார்.

“ஒருதலைத் தீர்ப்பு வந்தா என்ன பண்ணலாம்? சொல்லு, எங்கிட்டதான படிச்ச.”

“ஆட்சேப மனு போடலாம்.”

“எத்தன நாள்ல?”

“ஒரு வாரத்துக்குள்ள.”

“போட்டா?”

“வழக்கு மறுபடி எடுப்பாங்க.”

“ஆக, தெரியும். தெரிஞ்சிருந்தும் எழுந்து வந்த.” குரல் உயரவில்லை. “சாயங்காலமே மனு எழுதி நாளைக்குக் காலைல போட்டிருப்பேன். அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் போயிருக்காது. எத விடலாம், எத விடக் கூடாதுன்னு நான் ராத்திரியே பாத்து வெச்சது. சும்மாவா அத்தன பேர் முன்னால சீட்ட நீட்டிக்கிட்டு நடந்தேன்? கேட்டுப் பாத்தோம், கெடைக்கலன்னு நீதிபதிகிட்டச் சொல்ல வேணாமா?”

“அதுக்குள்ள கொழுந்தன் அமீனாவோட வந்து அவ அடுப்பத் தூக்கி வெளிய வெச்சிருப்பான் மாமா. டிசம்பர் மாசம்.”

“ஒரு வாரம் அக்கா வீட்டுல இருந்திருப்பா.”

“அக்கா இருக்காளான்னு கேட்டீங்களா?”

“நீ அந்தப் பொம்பளைக்காக எழுந்த மாதிரி பேசாத,” என்றார். “அவ மூஞ்சி உனக்கு ஞாபகம் இருக்கா?”

நான் எழுந்து கணப்புப் பக்கம் போனேன். விறகுப் பெட்டியில் விறகு இல்லை.

கதவைத் தட்டினார்கள். லுத்விக். உள்ளே வந்து வலது கையுறையைக் கழற்றி எனக்குக் கை கொடுத்தான். மாமாவுக்குத் தலையை மட்டும் தாழ்த்தினான்.

“திங்கக்கெழம கூட்டம் போட்டிருக்காங்க. உன்னப் பத்தி,” என்றான். “நான் போருட்ஸ்கிகிட்டப் பேசிட்டேன். மனுஷன் எறங்கி வந்துட்டார். பழைய பழக்கம், கை தானா நீண்டுது, யார் சீட்டுன்னு பாக்கலன்னு நீ சொன்னாப் போதும். முடிஞ்சுது.”

“‘மாமா’ன்னு கூப்பிட்டு வாங்கினேன், லுத்விக். அறை முழுக்கக் கேட்டுது.”

“கேக்கலன்னு சொல்ல ஆள் இருக்கு. நானே சொல்றேன்.”

“சொல்லுவான்,” என்றார் மாமா. நாற்காலியில் நிமிர்ந்திருந்தார். அதற்குள் வேலை ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது. “பழைய பழக்கம்கறது வேணாம், தம்பி. அது ஒத்துக்கற மாதிரி இருக்கு. அவசரத்துல பாக்கலன்னு மட்டும் சொன்னாப் போதும். சேனான், சொல்லு, கேப்போம்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். லுத்விக்கின் கண்ணில் உண்மையான கெஞ்சல் இருந்தது. என் நல்லதுக்குத்தான் வந்திருந்தான். மாமாவும் என் நல்லதைத்தான் நினைத்தார். அந்த அறையில் எனக்குக் கெடுதல் நினைக்கிறவர்கள் யாரும் இல்லை. வாயைத் திறந்தேன். அவசரத்தில் என்று ஆரம்பிக்க வேண்டியதுதான்.

“பாத்துதான் வாங்கினேன்,” என்றேன். “என் பெண்டாட்டியோட அப்பா சீட்டு அது.”

“சேனான்,” என்றார் மாமா.

“ஒட்டு உறவு இல்லன்னு வாக்குக் குடுத்திருக்கடா. மானத்து மேல,” என்றான் லுத்விக். “நான் அங்கயே உக்காந்திருந்தேன்.”

மாமா என் பக்கம் மெல்லத் திரும்பினார். இது அவருக்குத் தெரியாதது.

“குடுத்தேன்,” என்றேன். “அது பொய். அப்படியே போயி சொல்லிடு.”

“அப்படிச் சொன்னா வாக்குத் தவறினவன்னு போடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எதுத்தாப்புல வந்தா நானே ஒதுங்கிப் போகணும். புரியுதா உனக்கு?”

“புரியுது.”

அவன் கழற்றின கையுறையை மாட்டிக்கொண்டான், விரல் விரலாக, நிதானமாக. கை கொடுக்கவேண்டி வராதபடி இரண்டு கையையும் மேல்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு போனான்.

மாமா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “அப்படியா கேட்டான்? ஒட்டு உறவுன்னு?” என்றார் சுவரைப் பார்த்து.

“ஆமா.”

“நான் அதுக்குப் பதில் சொல்லிக் குடுக்கல.”

“இல்ல.”

“கெட்டிக்காரன் போருட்ஸ்கி. அவசரத்துல எழுதறவன்னு நெனச்சேன்.” திரும்பி வந்து உட்கார்ந்தார். “நீ ரெண்டு பேரையும் மூட்ட கட்ட வெச்சிட்ட.”

“மூட்ட கட்டினா எங்கயாவது போகணும் மாமா.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. நகைச்சுவையை மதிக்கிறவர். சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆகப் பார்த்தது. அவசரமாக எழுந்து விறகு வெட்டக் கொல்லைப் பக்கம் போனார். அறுபத்தாறு வயது. கோடரிச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நான் போகவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டம் முடிந்ததும் வங்கியிலிருந்து வண்டி வந்து வழக்குக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போனது. கணப்புப் பக்கத்து மேசையில் என் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். நீளமேசையில் ஹெர்ஷ்தால் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதோடு சரி. சீட்டு வாங்கவில்லை. “உங்களால எங்களுக்குள்ள ஒரு சண்ட வேணாம்,” என்றார் மெதுவாக, நல்லவிதமாகவே. ஜன்னலோரத்தில் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. நானும் மாமாவும் கதவை ஒட்டி, அங்கிகள் தொங்கும் ஆணிகளுக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவு திறக்கும் போதெல்லாம் குளிர் வந்தது.

ஆனாலும் ஒரு வசதி இருந்தது. இப்போது நாங்கள் இரண்டு பேர். ஒரே நேரத்தில் இரண்டு அறையில் கூப்பிட்டால் அவர் ஒன்றில், நான் ஒன்றில். ஜனவரி அப்படி ஓடியது, பிப்ரவரியும் ஓடியது. பிப்ரவரியில் ஒரு நாள் அவர் தொப்பியோடும் நான் தொப்பி இல்லாமலும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தோம். லுவோவிலிருந்து வந்தவர்கள் பட்டியல் மூடுவது நிச்சயம் என்றார்கள்.

மார்ச்சில் பராஸ்காவின் வாய்தா வந்தது. காலையில் மாமா நாள்பட்டியலைத் தேநீர்த் தம்ளருக்கு அடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். ஒரே நேரத்துக்கு மூன்று அறைகளில் எங்கள் பெயர். பராஸ்கா மேல்மாடியில். மாட்டு வியாபாரியின் வழக்கு கீழே. மூன்றாவது, மேல்மாடியின் மறு கோடியில், ஒரு கிழவரின் ஜீவனாம்ச வழக்கு. பிள்ளைகள் சோறு போடவில்லை என்று அவர் போட்டது. முன்பே இரண்டு தடவை வாய்தா வாங்கியாகிவிட்டது.

“மாட்டுக்காரன விட முடியாது, உள்ள போயிடுவான்,” என்றார் மாமா. “நான் கீழ நிக்கறேன். மேல ரெண்டுல எதுன்னு நீ பாத்துக்க.”

“கிழவர் வழக்குக்கு ஆட்சேப மனு?”

“இல்ல. கிழவன் வாதி. வாதி வரலன்னா தள்ளுபடிதான். பராஸ்காவ விட்டா ஒரு வாரம் இருக்கு.”

“அவளுக்கு அக்கா இல்ல மாமா. கேட்டேன்.”

அவர் தம்ளரைத் தூக்கினார். பட்டியலில் வட்டமாக ஈரம் இருந்தது.

நீதிமன்றத்துக்குச் சேர்ந்துதான் நடந்தோம். வக்கீல்கள் அறையைத் தாண்டும்போது அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கீழ்த்தளத்தில் பிரிந்தோம். நான் படி ஏறினேன். மேல்மாடித் தாழ்வாரத்தின் இந்தக் கோடியில் பராஸ்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். அந்தக் கோடியில் கிழவர் என் அங்கியைப் பார்த்துவிட்டுத் தடியை ஊன்றி எழுந்தார். இரண்டு கதவுகளிலும் டவாலிகள் கையில் தாளோடு வந்து நின்றார்கள்.

பராஸ்காவின் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். நான் அவளோடு உள்ளே போனேன். கதவை மூடும்போது மறு கோடியில் கிழவரின் பெயரைக் கூப்பிட்டது கேட்டது. அவர், “இருக்கேன், இருக்கேன், எங்க வக்கீல் வந்துட்டார், இப்பத்தான் பாத்தேன்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். டவாலி மறுபடி கூப்பிட்டான்.